கூரை பொது, பூட்டு தனி

செட்டிநாட்டில் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பள்ளத்தூர்ப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு நகரத்தார் வீட்டைப் பராமரிப்பது என் வேலை. அதற்கு முன் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே எதைக் கேட்க வேண்டுமானாலும் முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். எழுந்துபோய்க் கேட்டால் முடிந்தது. இங்கே முதலாளிகள் ஆறு பேர், ஆறு பேரும் பங்காளிகள். சென்னையில் சிலர், கோயம்புத்தூரில் சிலர், சிங்கப்பூரில் ஒருவர் என்று இருக்கிறார்கள். மழை மட்டும் பள்ளத்தூர்ப் பக்கம் பெய்கிறது.

முகப்பு, பட்டாலை என்ற கூடம், நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி என நீளும் இந்த வீட்டில் திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் கூரையும் எல்லோருக்கும் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மட்டும் ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாகச் சேர்ந்தவை. அவற்றுக்குள் சீர் சாமான்களும் பித்தளை அண்டாக்களும் மரப்பெட்டிகளும் பூட்டிக் கிடக்கின்றன. பொதுப் பகுதியின் சாவிகள் என்னிடம் இருக்கின்றன. அறைச் சாவிகள் அவரவரிடம். கட்டியவர்கள் காலத்தில் இது ஒரு சிக்கலே இல்லை. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனாலும், ஆச்சிமாரும் பிள்ளைகளும் வேலையாட்களும் வீட்டில் இருந்தார்கள். ஓர் அறையில் ஒழுகினால் அடுத்த நாழிகைக்குள் வீடு முழுவதற்கும் தெரிந்துவிடும். இப்போது இருப்பது நானும், காலையில் கூட்டிப் பெருக்க வரும் ஓர் அக்காவும்தான்.

ஆடி மாதக் காற்றில் செம்மண் புழுதி சன்னல் சந்துகளின் வழியே புகுந்து தூண், நிலை, சுவரில் மாட்டிய படங்கள் என எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும். அது பெரிய காரியமில்லை. துணியும் பொறுமையும் போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்குத்தான் கூடுதல் பக்குவம் வேண்டும். அந்தக் கற்களைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியைப் பிரித்ததும் கிடைக்கும் வழவழப்பை வளர்ப்பது மனிதர்களின் கால்கள்தான். ஆள் நடமாட்டமில்லாத வீட்டில் தரை மங்கிப்போகும். புதுவயல் ரைஸ்மில்லிலிருந்து உமி வாங்கிவந்து தேய்ப்பதும், தண்ணீரில் சிறிது தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பதும், நடக்க வேண்டியவர்கள் நடக்காமல் போனதற்கு நாங்கள் செய்யும் ஈடு. ஒருமுறை பங்காளிகளில் ஒருவர் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னார். நல்ல வேளையாக இன்னொருவர் மறுத்துவிட்டார். ஆறு பேர் இருப்பதில் அப்படி ஒரு வசதியும் உண்டு.

ஐப்பசி நெருங்கும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நாட்டு ஓடுகளை அடுக்கடுக்காக மேய்ந்த கூரையின் மேல் மயில்கள் நடக்கின்றன, குரங்குகள் ஓடுகின்றன. ஓர் ஓடு நகர்ந்தால் போதும், மழை வழி கண்டுபிடித்துவிடும். முற்றத்து மூலைகளில் நீரை இறக்கும் தூம்புகளில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொள்ளும். அதைக் கையால்தான் அள்ள வேண்டும். ஓடு பிரித்து மேயத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். பழைய ஓடு வேண்டுமென்றால் எங்கேயாவது ஒரு வீட்டை இடிக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஆள் அகப்படும் நாளில் ஓடு அகப்படாது, இரண்டும் அகப்படும் நாளில் செலவுக்கு ஒப்புதல் அகப்படாது. பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் நான் மதிப்பீட்டைப் போட்டால், முதலில் கும்பிடும் கைகள் வரும், பிறகு ஒரு சந்தேகம் வரும், அதற்குள் மழை வந்துவிடும்.

சென்ற கார்த்திகையில் இரவு முழுவதும் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வளவின் வடபுறத்து அறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தெளிந்த நீர் அல்ல; இரும்புத் துருவும் பழைய துணியும் ஊறியது போன்ற பழுப்பு நிறத்தில், கறுப்புக் கல்லைத் தாண்டி மஞ்சள் கல்வரை மெல்ல வந்து, அங்கே தேங்கி நின்றது. கதவு பர்மாத் தேக்கு, பூட்டு அந்தக் காலத்துப் பெரிய பூட்டு. உடனே போன் செய்தேன்.

“ஆச்சி, உங்க அறைக்குள்ள ஒழுகுதுங்க. கதவடியில தண்ணி வருது.”

“ஐயையோ, சாவி கோயம்புத்தூர்ல பெரியவன்கிட்டல்ல இருக்கு! கேட்டுச் சொல்றேன், நீ ஒண்ணும் உடைச்சிராத.”

கேட்டுச் சொல்வதற்குள் இன்னும் இரண்டு மழை பெய்துவிட்டது. நான் செய்ய முடிந்ததெல்லாம், வெளியே வந்த தண்ணீரைச் சாக்குப் போட்டு ஒற்றி எடுத்ததும், வாசற்படியில் கரையான் ஏறாமல் மருந்து அடித்ததும்தான். உள்ளே என்ன நனைகிறது என்று தெரியாமல் வெளியே துடைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு எரிச்சலூட்டும் வேலை என்பது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த அறையின் வெளிச்சுவரிலும் ஒரு கதை இருக்கிறது. இங்குள்ள பழைய சுவர்களின் பூச்சு, நைசாக அரைத்த சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் சேர்த்துச் செய்தது. அது ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். நான் வருவதற்கு முன்பே யாரோ ஒரு கொத்தனார், அவசரத்துக்குச் சிமெண்டை வைத்து ஒரு முழ நீளம் பூசியிருக்கிறார். சிமெண்டு உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாததால், அந்த ஒட்டுக்குச் சுற்றிலும் இருக்கும் நல்ல பூச்சு உப்பி, விரலால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூச வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். சிமெண்டுதானே உறுதி என்று ஒருவர் கேட்கிறார். செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது என்று இன்னொருவர் குழுவில் பெருமையோடு பகிர்கிறார். இரண்டையும் நான் ஒரே நாளில் படித்தேன்.

என் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். அந்த அறையில் ஒழுகிய அன்று காலை ஆறு மணிக்கு மற்றவர்கள் வீட்டுத் தூம்பைப் பார்க்க நான் கிளம்பியபோது, என் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஆணி அடித்த இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி முந்தின நாள் போலவே ஈரமாக இருந்தது. பையன் பள்ளிச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துக்கொண்டிருந்தான். “அரண்மனையில ஒழுகுதான்னு பாக்கப் போறியாக்கும்?” என்று என் மாமியார் கேட்டார். கேட்டபடியே ஒழுகும் இடத்தில் ஒரு குண்டானையும் நகர்த்தி வைத்தார். எங்கள் வீட்டில் சொட்டினால் முடிவெடுக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை, காசுதான் இல்லை. அங்கே காசுக்குப் பஞ்சமில்லை, முடிவெடுக்க ஒரு பருவம் போதவில்லை. என் சம்பளத்துக்குள் அடங்காத களைப்பு முழுவதும் இந்த இடைவெளியில்தான் வருகிறது. பெருக்குவதாலும் துடைப்பதாலும் யாரும் இவ்வளவு சோர்ந்துவிடுவதில்லை.

திருக்கார்த்திகை கழிந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அதற்காகப் பங்காளிகளில் பலர் குடும்பத்தோடு வந்தார்கள். 21 நூலிழைகளைத் திரியாகத் திரித்து, மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு எடுத்து விழுங்கும் அந்த மாலையில், வளவு நிறைய ஆள் இருந்தது. தரையும் அப்படியே பளிச்சென்று இருந்தது. “வீட்டை நல்லாத்தான் வச்சிருக்க” என்றார் மூத்த ஆச்சி. மறுநாள் கோயம்புத்தூர்க்காரர் அறையைத் திறந்தார். மூலையில் அடுக்கியிருந்த ஜமக்காளங்கள் பூசணம் பிடித்திருந்தன, ஒரு பெட்டியின் அடிப்பலகை உப்பியிருந்தது. பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் அனுப்பிய செய்திகளைத் தேடிப் படிக்கவும் இல்லை.

அன்றே, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, நான் இரண்டு கோரிக்கைகளை வைத்தேன். ஒவ்வோர் அறைக்கும் ஒரு மாற்றுச் சாவியை, முத்திரை வைத்த உறையில் போட்டு, முகப்பு இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். திறந்தால் யார் முன்னிலையில், எதற்காக என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். ஓடு மாற்றவும் தூம்பு பார்க்கவும் ஒரு தொகையை ஆடிக்கு முன்பே பொதுக் கணக்கில் போட்டுவிட வேண்டும். செலவுக்குப் பின் ரசீது காட்டுவேன், முன்கூட்டி ஒப்புதல் கேட்க மாட்டேன். இரண்டாவதற்கு ஆறு பேரும் சம்மதித்தார்கள், அது எனக்கே வியப்பு. பணம் கொடுப்பதைவிடச் சாவி கொடுப்பது கடினம் போலிருக்கிறது. நான்கு உறைகள் வந்துவிட்டன. ஐந்தாவது சிங்கப்பூரிலிருந்து யாரிடமாவது கொடுத்தனுப்பப்படும் என்கிறார்கள். ஆறாவது அறைக்காரர் சாவியே தொலைந்துவிட்டதாக இப்போதுதான் சொல்கிறார். காரைக்குடியிலிருந்து பூட்டுக்காரரை வரச் சொல்லியிருக்கிறேன், ஒப்புதலுக்குக் காத்திருக்கிறேன்.