மஞ்சள் பையும் முதுகுக் கணக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மஞ்சள் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஒரு வருஷத்து மருந்துச் சீட்டும் பில்லும். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவனுக்கு லீவு நாளிலும் கை சும்மா இருக்காது. எந்த நோய்க்கு எவ்வளவு போனது என்று பிரிக்க உட்கார்ந்தேன்.

அமெரிக்காக்காரர்கள் நாட்டுக்கே இப்படிப் பிரித்து வைத்திருப்பதைப் படித்ததில் வந்த ஆசை இது. 2013-ல் அங்கே அதிகம் தின்றது சர்க்கரை நோய், 10,140 கோடி டாலர். 2016 கணக்கில் முதுகுவலியும் கழுத்துவலியும் அதை முந்திவிட்டன, 13,450 கோடி டாலர். மாரடைப்பெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

எங்கள் வீட்டிலும் அதே கதை. சர்க்கரை, பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் வாசலுக்கே வந்துவிடுகிறது. (2021-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள்.) முதுகுக்குத்தான் பதினாலாயிரத்துச் சொச்சம்: ஸ்கேன், ஊசி, பெல்ட், தைலம். கேஸ் மாத்திரையில் மாட்டிக்கொண்டேன். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்று சேர்த்து எழுதித் தந்தது அது. வயிற்றில் எழுதுவதா, முதுகிலா? கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு முதுகிலேயே எழுதினேன்.

அப்புறம்தான் பெரிய சிக்கல். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், “வயசும் இருக்கு, தண்ணியும் இருக்கு” என்றிருந்தார். பென்னாகரம் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. பல்லில் பழுப்புக் கறை ஏற்றும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் இறுக்கிவிடும். அம்மாவின் பல்லே சாட்சி. இதற்காகத்தான் ஜப்பான் கடன் வாங்கி, சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று நோயின் பெயரும் இருக்கிறது. ஆனால் பணம் குழாய், தொட்டி, மோட்டார் என்று குடிநீர்க் கணக்கில் போய்விட்டது. நோய்வாரியாகப் பிரிக்கிறவன் ஆஸ்பத்திரி பில்லை மட்டும் எண்ணினால் எங்கள் மாவட்டத்து நோய்க்கு ஆன பெரிய செலவே கண்ணில் படாது. என் மகள் பல்லில் கறை இல்லை. அதற்கு என்னிடம் பில்லும் இல்லை.

அம்மா நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“பஸ் காசு எழுதலையா?”

“உனக்குத்தான் டவுன் பஸ் ஃப்ரீ ஆச்சே.”

“உனக்கு?”

எழுதவில்லை. எட்டு தடவை போய் வந்திருக்கிறோம், எட்டு நாள் லீவு வேறு. “சரி, சீட்டையெல்லாம் மறுபடி பையில போடு, அடுத்த வாரம் டாக்டர் கேப்பாரு” என்று பையை நீட்டினாள்.