ஆழ்கடல் அரிமானம்: ஆக்சிஜனைப் பின்தொடர்ந்து படியுங்கள்

"ஆழ்கடலில் எஃகு எப்படி அரிக்கப்படுகிறது?" என்று கேள்வி வந்தால், முதல் வரியிலேயே அழுத்தத்தைப் பற்றி எழுதத் தொடங்குகிறவர்கள் அதிகம். 4,000 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 400 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடும் விடைக்கு மதிப்பெண் ஏறாது. எஃகு எவ்வளவு வேகமாக அரிக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பதில் முதலிடம் ஆக்சிஜனுக்கு. அது எங்கிருந்து வருகிறது, உலோகத்தை எவ்வளவு வந்தடைகிறது, வழியில் அதைச் செலவழிப்பவை எவை? இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் பாடத்தின் பெரும்பகுதி தானாக அவிழ்ந்துகொள்ளும்.

பகலில் சிங்கப்பூரின் துவாஸில் வேலை, மாலையில் வகுப்பு என்று முதுகலைப் படிப்பை முடித்தவன் நான். அடுத்தடுத்து இதே பாடத்தை எடுக்கும் தம்பி தங்கைகள் குறிப்புகள் கேட்கிறார்கள். குறிப்புகளைவிட, படித்த விதத்தைச் சொல்வதே அவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரைச் சுற்றி ஆழ்கடல் கிடையாது, நீரிணை ஆழமற்றது. அப்படியிருக்க இந்தப் பாடம் எதற்கு என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். இங்கே கட்டப்படும் கடல்சார் மேடைகளும், இங்கே கரையேறும் கடலடிக் கேபிள்களும் ஆழமான நீரைச் சந்திக்கின்றன. 2015-இல் ஓஷன் மினரல் சிங்கப்பூர் நிறுவனம், பசிபிக் பெருங்கடலின் கிளாரியன் கிளிப்பர்டன் பகுதியில் உலோக முடிச்சுகளை (கடலடியில் கிடக்கும், உலோகம் செறிந்த கட்டிகளை) தேடி ஆராய, சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தப் பகுதியின் ஆழம் 4,000 மீட்டருக்கும் மேல். அங்கே இறங்கும் எந்தக் கருவிக்கும் இந்த வேதியியல்தான் எமன்.

முதலில் ஒரு படத்தைப் பழகிக்கொள்ளுங்கள். செங்குத்தாக ஒரு கோடு: மேலே கடல்பரப்பு, கீழே தரை. அதன் பக்கத்தில் ஆக்சிஜன், வெப்பநிலை, பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்), சுண்ணாம்பின் செறிவுநிலை (நீரில் அது படியுமா, கரையுமா என்பதைக் காட்டும் அளவு) ஆகியவற்றுக்குத் தனித்தனி வளைகோடுகள். துவாஸிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் எம்ஆர்டி ரயிலில் இந்தப் படத்தைப் புத்தகம் பார்க்காமல் வரைந்து வரைந்தே எனக்கு மனத்தில் பதிந்தது. ஆக்சிஜன் கோடுதான் கவனிக்க வேண்டியது. அது மேலிருந்து கீழே ஒரே சீராகக் குறைவதில்லை. பரப்பில் நிறைவாக இருந்து, பல கடல்களில் 500 முதல் 1,000 மீட்டர் வரையிலான ஆழத்தில் மிகவும் தாழ்ந்து, அதற்குக் கீழே மறுபடியும் ஏறுகிறது. மேலிருந்து விழும் உயிர்ப்பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது இடைப்பட்ட நீரின் ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. அதற்கும் கீழே இருப்பது துருவப் பகுதிகளில் குளிர்ந்து, ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு மூழ்கி, மெல்லப் பரவிய நீர்.

டைட்டானிக் கப்பல் கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். 1985-இல் கண்டுபிடிக்கப்பட்டபோதே அதன்மேல் துரு விழுதுவிழுதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துருவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2010-இல் ஹாலோமோனாஸ் டைட்டானிசே என்று பெயர் வைத்தார்கள். ஆழம் அதிகம் என்பதால் அரிமானம் நின்றுவிடும் என்று எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. வட அட்லாண்டிக்கின் ஆழநீர் ஒப்பீட்டளவில் இளமையானது. ஆக்சிஜன் அதில் இன்னும் மிச்சமிருக்கிறது. அந்த நீர் வட பசிபிக்கை எட்டுவதற்குள் பல நூறு ஆண்டுகள் கழிந்துவிடுவதால் ஆக்சிஜன் குறைந்து, கரைந்த கரியமில வாயு கூடி, பிஎச்சும் இறங்கிவிடுகிறது. ஆகவே "ஆழ்கடல்" என்று மொத்தமாக எழுதாமல் எந்தப் பெருங்கடல் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

மேற்கோள் காட்டத் தகுந்த பழைய சான்று, 1960-களில் அமெரிக்கக் கடற்படையின் போர்ட் ஹூனிமி ஆய்வகம் பசிபிக்கில் நடத்திய சோதனை. பலவகை உலோகத் தகடுகளைச் சட்டங்களில் பொருத்தி, சுமார் 760 மீட்டரிலும் 1,800 மீட்டரை ஒட்டிய ஆழங்களிலும் கடலடியில் இறக்கினார்கள். சில தகடுகள் நீரில் நின்றன, சில சேற்றில் புதைந்தன. குறைந்த ஆழத்தில் இருந்த சாதாரண எஃகு, அதிக ஆழத்தில் இருந்த எஃகைவிட மெதுவாகவே அரிக்கப்பட்டது. காரணம், 760 மீட்டர் என்பது ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு. அலுமினியக் கலவைகள் சிலவற்றின் நடத்தையோ வேறு: பரப்பைவிட ஆழத்தில்தான் குழி அரிமானம் மோசமாக இருந்தது. தன் பாதுகாப்புப் படலத்தை நம்பி வாழும் உலோகத்துக்கு ஆக்சிஜன் குறைவு எப்போதும் நன்மையாக முடிவதில்லை.

இனி சேறு. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மாணவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் பகுதியும் இதுதான்.

வகுப்பு ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் கரையோரச் சேற்றையும் அதன்மேல் கடல்நீரையும் வைத்திருந்தார்கள். சேற்றின் மேற்புறத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் வெளிர்பழுப்பு. அதற்குக் கீழே சாம்பல், பிறகு கருமை. பாதி புதைத்து வைத்திருந்த எஃகுத் தகட்டை வெளியே எடுத்தபோது, நீரில் இருந்த பாதியில் செம்பழுப்புத் துரு. சேற்றில் இருந்த பாதியில் மை பூசியதுபோல ஒரு கரிய படலம். புகைவெளியேற்றும் பெட்டிக்குள் வைத்து அந்தக் கருமையின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. அந்தப் படலம் இரும்பு சல்ஃபைடு. துணியால் துடைத்தால் எளிதாக வந்துவிட்டது. அடியில் எஃகு பளபளத்தது.

கடல்நீரின் ஒரு கிலோவில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உயிர்ப்பொருளைச் சிதைக்க முதலில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும். அது தீர்ந்தால் நைட்ரேட், பிறகு மாங்கனீசு ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, அதன்பின் சல்ஃபேட். சல்ஃபேட்டின் முறை வரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு பிறக்கிறது. அது இரும்போடு சேர்ந்து கருமையாகிறது. அதே சல்ஃபைடு, எஃகின் பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து வாயுவாகப் போகவிடாமல் தடுத்து, அவை எஃகுக்குள் நுழைய வழிசெய்கிறது. உயர்வலிமை எஃகு நொறுங்கும் அபாயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அரிமானம் இல்லை என்று எழுதுகிறவர்கள் இந்த வரிசையைப் படிக்காதவர்கள்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நல்ல விடையையும் சாதாரண விடையையும் பிரிப்பது அதுவே. எல்லாக் கடலடிச் சேறும் கறுப்பல்ல. கரையோரத்தில் உணவு மிகுதி என்பதால் ஆக்சிஜன் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடுகிறது. கிளாரியன் கிளிப்பர்டன் போன்ற நடுக்கடல் சமவெளியில் மேலிருந்து வந்து விழும் உயிர்ப்பொருள் மிகச் சொற்பம். அங்கே ஆக்சிஜன் சேற்றுக்குள் மீட்டர் கணக்கில் இறங்குகிறது. கரையோர அனுபவத்தை அப்படியே அங்கே பொருத்தி "சேற்றில் புதைந்தால் சல்ஃபைடு தாக்கும்" என்று எழுதினால் விடை பிழையாகிவிடும்.

எங்கள் கப்பல் யார்டில் குழாய்ப் பிரிவில் இருந்த அண்ணன் ஒருவர் ஒருநாள் தேநீர் இடைவேளையில் கேட்டார்: "தம்பி, பாதி சேற்றிலும் பாதி தண்ணீரிலும் கிடக்கும் குழாயில் முதலில் ஓட்டை விழுவது எங்கே, சொல்லுங்கள்?" இந்தக் கேள்வி தேர்விலும் பல உருவங்களில் வரும். நீரில் இருக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அது கேத்தோடு, அதாவது எலக்ட்ரான்களை ஆக்சிஜன் பெற்றுக்கொள்ளும் முனை, ஆகிறது. சேற்றில் இருக்கும் பகுதிக்குக் கிடைப்பதில்லை. அது ஆனோடு ஆகி உலோகத்தை இழக்கிறது. கடல்நீர் நன்றாக மின்சாரம் கடத்தும் என்றாலும் சேற்றில் தடை சற்று அதிகம். ஆகவே இழப்பு பெரும்பாலும் எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே குவிகிறது. படம் போட்டு, எலக்ட்ரான் உலோகத்துக்குள் எந்தத் திசையில் போகிறது என்று அம்புக்குறி இடுங்கள். அந்த ஒரு அம்புக்குறியே திருத்துகிறவருக்கு உங்கள் புரிதலைக் காட்டிவிடும்.

மின்முறைப் பாதுகாப்பை, அதாவது எஃகுக்கு மின்னோட்டம் செலுத்தி அதைக் கேத்தோடாக்கி அரிமானத்தைத் தடுப்பதை, பற்றிய கேள்வி கிட்டத்தட்ட நிச்சயம். பரப்பைவிட ஆழத்தில் எஃகு மெதுவாக அரிக்கப்படுகிறது என்றால் பாதுகாப்புக்குக் குறைந்த மின்னோட்டம் போதும் அல்லவா? இந்தப் பாதுகாப்பை வடிவமைப்பதற்கான டிஎன்வி பி401 வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். வெப்பமண்டலக் கடலில் 30 மீட்டர் ஆழம் வரை தொடக்க மின்னோட்டம் சதுர மீட்டருக்கு 150 மில்லி ஆம்பியர். 300 மீட்டருக்குக் கீழே குளிர்ந்த நீரில் 220. விடை மறுபடியும் நீரின் வேதியியலில்தான். பாதுகாக்கப்படும் எஃகின் பரப்பில் காரத்தன்மை கூடி, சுண்ணாம்பும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் படிந்து ஆக்சிஜனை மறைக்கின்றன. வெதுவெதுப்பான மேல்நீரில் சுண்ணாம்பு மிகைச்செறிவாக இருப்பதால் அது எளிதில் படிகிறது. ஆழத்தில் குளிரும் அழுத்தமும் குறைந்த பிஎச்சும் சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டிவிடுவதால் அந்தப் போர்வை சரியாக அமைவதில்லை. அழுத்தத்தைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் அதை இந்த இடத்தில் எழுதுங்கள். முழுவதும் சேற்றில் புதைந்த எஃகுக்கோ எந்த ஆழமானாலும் 20 மில்லி ஆம்பியர்தான்.

கணக்கை மனப்பாடம் செய்யாமல் ஒருமுறை சொந்தமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆம்பியர் ஓராண்டு ஓடினால் 3,15,36,000 கூலோம். ஒரு இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை இழப்பதால், அதை இரண்டு மடங்கு 96,485-ஆல் (ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம், கூலோமில்) வகுத்தால் சுமார் 163 மோல் இரும்பு. எடை ஏறத்தாழ 9.1 கிலோ. அடர்த்தி 7.87 என்று கொண்டு ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் 1.16 மில்லிமீட்டர். ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அரிமானம் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 86 மில்லி ஆம்பியர் என்று உடனே சொல்லிவிடலாம்.

மற்ற உலோகங்களுக்கு அதிக நேரம் வேண்டாம். 316எல் போன்ற துருப்பிடிக்காத எஃகு, இடுக்குகளில் குளோரைடு சேர்ந்து அமிலமாகும்போது தோற்றுவிடும். குளிர்ந்த நீர் அதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. டைட்டானியம் ஆழ்கடல் நீரில் ஏறத்தாழ அரிக்கப்படுவதே இல்லை. செம்புக் கலவைகளுக்கு சல்ஃபைடு பகை.

மின்னழுத்த எண்ணை எழுதும்போதெல்லாம் அது எந்த ஒப்பீட்டு மின்முனையை (எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த மின்முனையை) வைத்து அளந்தது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். கடல்நீரில் வெள்ளி/வெள்ளி குளோரைடு மின்முனையை வைத்து அளந்தால் எஃகு பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான அளவுகோல் மைனஸ் 0.80 வோல்ட்; துத்தநாக மின்முனையில் அதுவே ஏறத்தாழ பிளஸ் 0.25. சல்ஃபேட்டை சல்ஃபைடாக ஒடுக்கும் பாக்டீரியா நிறைந்த சேற்றில் மைனஸ் 0.90 வரை இறக்க வேண்டும். அதே சேற்றில் உள்ள சல்ஃபைடு வெள்ளி மின்முனையையும் கெடுத்து அளவீட்டை நகர்த்திவிடும். "இந்த அளவீட்டை நம்பலாமா?" என்று கேட்கும் பகுதிக்கு, அளப்பதற்கு முன்னும் பின்னும் இன்னொரு மின்முனையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதுங்கள்.