கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பெரம்பூரில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஹாலில் இரண்டடி உப்புநீர்த் தொட்டி, அதில் ஒரு ஜோடி க்ளவுன் மீன். பேட்டரி ஏர் பம்ப் முதல் ராத்திரியே ஓய்ந்துவிட்டது. அதன்பிறகு நானும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டு, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். விழுகிற தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகுமே, அதற்காக. இரண்டு மீனும் பிழைத்தன. சின்னத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதை அந்த இரண்டு நாளில் கண்ணால் பார்த்துவிட்டேன். அடுத்தது பெரிய தொட்டி, கீழே சம்ப்போடு என்று அப்போதே முடிவு செய்தேன்.

சென்னையில் சம்ப் என்றால் மெட்ரோ வாட்டர் வந்து விழுகிற தரையடித் தொட்டிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப், மீன்தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் உட்காரும் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேல் தொட்டியின் தண்ணீர் ஓரத்தில் வழிந்து, பைப் வழியாகத் தானே கீழே இறங்கும். அங்கே ஃபில்டர் சாக்ஸ், அழுக்கை நுரையாகப் பிரித்து எடுக்கும் ஸ்கிம்மர், பாக்டீரியா தங்கும் கற்கள் எல்லாவற்றையும் கடந்து கடைசி அறைக்கு வரும். அங்கிருந்து ரிட்டர்ன் பம்ப் அதை மேலே தள்ளும். மொத்தத் தண்ணீரும் கூடும், ஹீட்டர் முதல் ஸ்கிம்மர் வரை பார்வைக்கு உறுத்துகிற சாமான் எல்லாம் கண்ணுக்கு மறையும்.

2024 பிப்ரவரியில் கொளத்தூர் போனேன். வண்ணமீன் சாமான் எதுவானாலும் அங்கே கிடைக்கும், சொல்கிற அளவுக்குக் கண்ணாடி ஒட்டியும் தருவார்கள். மேல் தொட்டி 120 x 45 x 45 செ.மீ., சம்ப் 75 x 35 x 38 செ.மீ. இரண்டும் சாதாரணக் கண்ணாடி. டெம்பர்டு கண்ணாடியில் துளை போட்டால் மொத்தமாக நொறுங்கிவிடும் என்பதால் அதை முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மேல் தொட்டியின் பின்மூலையில் ஓவர்ஃப்ளோ பாக்ஸ், அதாவது தண்ணீர் வழிந்து விழும் தடுப்பு அறை. அதன் அடிக்கண்ணாடியில் மூன்று துளை: தண்ணீர் இறங்க ஒன்று, அது அடைத்துக்கொண்டால் உதவ ஒன்று, ரிட்டர்ன் பைப் ஏற ஒன்று. வைர கோர் பிட்டால் துளைத்தார்கள். இரண்டாம் துளை போடும்போது பக்கத்திலேயே நின்றேன். ஒரு பையன் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க, கடைக்காரர் டிரில்லைக் கையால் அழுத்தாமல் அதன் எடைக்கே விட்டார். வெள்ளைச் சேறு மாதிரிக் கண்ணாடிமாவு வழிந்தது. கடைசி ஒரு மில்லிமீட்டரில் வேகத்தை இன்னும் குறைத்தார். வட்டம் விடுபட்டு விழும் முன்னால் அடியில் ஒட்டிய டேப் அதைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பொறுமைக்குக் கேட்ட கூலியை மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

பைப் வேலைக்கான சாமான் எல்லாம் நம் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைத்தது. துளைக்கு டேங்க் நிப்பிள், ரப்பர் வாஷர், 1 இஞ்ச் பிவிசி பைப், எல்போ, சொல்யூஷன். கழற்றிக் கழுவ வேண்டிய இடங்களில் யூனியன். கேட் வால்வு கேட்டதும் கடைக்காரர் பித்தளை வால்வை எடுத்து நீட்டினார். அதை வாங்கிவிடாதீர்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது, உப்புத்தண்ணீரில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மீன் தாங்கினாலும் இறாலும் நத்தையும் தாங்காது. பிளாஸ்டிக் கேட் வால்வுக்காக நான்கு கடை ஏறி இறங்கினேன். ஹோஸ் கிளாம்பும் அப்படித்தான், இரும்பு துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் டை போதும். சிலிக்கானில் பாத்ரூமுக்கு விற்கிற பூஞ்சைத் தடுப்பு ரகம் ஆகவே ஆகாது, மீனுக்கு அது விஷம்.

ஸ்டாண்டை வெல்டரிடம் சொல்லி இரும்புச் சட்டத்தில் அடித்தோம். இரண்டு தொட்டித் தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் 350 கிலோவைத் தாண்டும். அதனால் தூண் ஒட்டிய சுவர் ஓரமாக வைத்தேன். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட். சம்ப்பை வெளியே எடுக்க முன்பக்கம் குறுக்குச் சட்டம் இல்லாமல் விடச் சொன்னது நல்லதாகப் போயிற்று, பிறகு ஒருமுறை எடுக்க வேண்டியும் வந்தது.

அந்தக் கதைதான் முக்கியம். சம்ப்புக்குள் அறை பிரிக்கும் தடுப்புக் கண்ணாடிகளைக் கடையில் 30 செ.மீ. உயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள். "தண்ணி எவ்ளோ அதிகமோ அவ்ளோ நல்லது சார்" என்றார் கடைக்காரர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ரிட்டர்ன் பைப்பின் வாயை மேல் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே வைத்தேன், சத்தம் வராமல் இருக்குமே என்று. பம்ப் நின்றால் தண்ணீர் பின்னோக்கி வருமே என்று கேட்டதற்கு, "நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கோம்ல" என்று பதில் வந்தது. தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு அது.

முதல் ஓட்டத்தை வெறும் குழாய்த் தண்ணீரில் வைத்தேன். நான் செய்ததில் உருப்படியான முடிவு அதுதான். பம்ப் ஓடியது, அழகாகச் சுற்றியது. அரை மணி கழித்து ஸ்விட்சை அணைத்தேன். நான்-ரிட்டர்ன் வால்வுக்குள் பைப் அறுத்த பிசிறு ஒன்று சிக்கியிருந்திருக்கிறது, வால்வு மூடவில்லை. மேல் தொட்டித் தண்ணீர் ரிட்டர்ன் பைப் வழியாகவே சைஃபன் பிடித்து, அதாவது பம்ப் இல்லாமலே பைப் தானே உறிஞ்சி இழுக்க, இறங்க ஆரம்பித்தது. பைப் வாயில் காற்று நுழையும் வரை அது நிற்காது. சம்ப்பின் விளிம்பைத் தொட்டு, பிறகு நான்கு பக்கமும் வழிந்து, ஹாலில் ஓடி, கோணிப்பை போட்டு நாங்கள் அடைப்பதற்குள் இருபது லிட்டருக்கு மேல் தரையில்.

மறுநாள் காலை கீழ் வீட்டு அக்கா வந்தார். "தம்பி, ஹால் சீலிங்ல ஈரம் சுத்தியிருக்கு, மேல ஏதாவது பைப் உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. "உப்புத்தண்ணியா இருந்தா கம்பி துரு புடிச்சிடும்பா, பாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டு சீலிங்குக்கு நானே பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன்.

அன்றிரவுதான் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. மேல் தொட்டியின் பரப்பு 120 x 45, அதாவது 5,400 சதுர செ.மீ. ஆகவே மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர் கீழே வரும். 8 செ.மீ. இறங்கினால் 43 லிட்டர். சம்ப்பின் பரப்பு 2,625 சதுர செ.மீ. அங்கே ஒவ்வொரு செ.மீ.க்கும் 2.6 லிட்டர்தான் பிடிக்கும். 30 செ.மீ. வரை நிரம்பி ஓடுகிற சம்ப்பில் மிச்சம் இருந்த இடம் 21 லிட்டர் அளவுதான். வழியாமல் என்ன செய்யும்? சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்த நான், காலி இடம் எவ்வளவு என்று பார்க்கவில்லை.

தடுப்புக் கண்ணாடிகளை பிளேடால் அறுத்து எடுத்தேன். பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான் பிடிக்காது. அதனால் தடம் இல்லாமல் சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, 23 செ.மீ. உயரத்தில் வெட்டிய புதுக் கண்ணாடிகளை ஒட்டினேன். வினிகர் மாதிரி வரும் வாடை முழுதாகப் போக ஒரு வாரம் விட்டேன். ஸ்கிம்மருக்கும் 20 முதல் 23 செ.மீ. ஆழம்தான் சரியாக இருந்தது. 30 செ.மீ. ஆழத்தில் அது நுரைக்குப் பதில் தண்ணீரையே கோப்பையில் நிரப்பிக்கொண்டிருந்திருக்கும்.

ரிட்டர்ன் வாயை மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே கொண்டுவந்தேன். பைப்பில், மட்டத்துக்குச் சற்றே கீழே, 4 மி.மீ. துளை ஒன்று போட்டேன். பம்ப் நின்றதும் அந்தத் துளை வெளியே தெரியும், காற்று நுழையும், சைஃபன் அறும். நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றியே போட்டுவிட்டேன். உப்புநீரில் நாளடைவில் அதில் ஏதாவது படியத்தான் செய்யும், அதை நம்பி இருப்பது பெரிய ஆபத்து.

இறங்கு பைப்பில் முழு சைஃபன் முறை. பைப்பின் வாய் பாக்ஸுக்குள் எப்போதும் தண்ணீரில் மூழ்கியே இருக்கும், கேட் வால்வைத் திருகி இறங்கும் அளவைப் பம்ப்போடு ஒத்துப்போக வைக்க வேண்டும். காற்றே கலக்காததால் கடகட சத்தம் கிடையாது. இரண்டாவது பைப் சற்று உயரமாக நிற்கும், அதில் நூல் மாதிரி மட்டும் தண்ணீர் போகும். வால்வைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. கால் திருகு திருகி, பத்து நிமிஷம் பார்த்து, மறுபடி கால் திருகு. பைப்பின் கீழ்முனை சம்ப் தண்ணீரில் ஒரு இஞ்சுக்கு மேல் முங்கக்கூடாது. முங்கினால் கரண்ட் திரும்பி வரும்போது பைப்புக்குள் நிற்கும் காற்று வெளியேறாமல் மறுபடி சைஃபன் பிடிக்கத் திணறும்.

பம்ப் டப்பாவில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருந்தது. ஸ்டாண்ட் உயரம் ஏறித் தள்ளும்போது எவ்வளவு என்று பார்க்க, வாயில் 10 லிட்டர் பக்கெட்டைப் பிடித்தேன். நிரம்ப 20 விநாடி ஆனது. மணிக்கு 1,800 லிட்டர். இந்தத் தொட்டிக்கு அது தாராளம்.

வழிவது கீழே மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இறங்கு பைப்கள் இரண்டுமே அடைத்துக்கொண்டால் பம்ப் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது காப்பாற்றுவது கடைசி அறை சின்னதாக இருப்பதுதான். என் கடைசி அறை 25 x 35 செ.மீ., 18 செ.மீ. ஆழம், கிட்டத்தட்ட 16 லிட்டர். அது மொத்தமும் மேலே போனாலும் மட்டம் 3 செ.மீ.தான் ஏறும். மேல் தொட்டியில் 4 செ.மீ. காலி விட்டிருக்கிறேன். பைப் வாய்களைத் துணியால் அடைத்து இதையும் சோதித்தேன்.

பிறகு குழாய்த் தண்ணீரிலேயே ஒரு நாள் முழுவதும் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டேன், இருபது முறைக்கு மேல். ஓடும்போது தடுப்பில் 23 செ.மீ., நின்றால் 27 செ.மீ. சம்ப் கண்ணாடியில் சிவப்பு மார்க்கரில் ஓடும் கோடு, நீல மார்க்கரில் நிற்கும் கோடு. 27க்கு மேல் 11 செ.மீ. காலி. அம்மாவை உட்காரவைத்துக் காட்டிய பிறகுதான் உப்பு கலந்தேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஆர்ஓ-டிஐ யூனிட்டில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம் வரும் வரை வடிகட்டியது. உப்பு அளவு, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025. மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர ஐந்து வாரம் காத்திருந்து மீன்களை மாற்றினேன். எல்லாப் பிளக்கும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி ஏற வேண்டும், ஒயர் வழியாக வழிகிற சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும். ஸ்கிம்மருக்குத் தனி டைமர், கரண்ட் வந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் ஓடும். மட்டம் உயர்ந்து நிற்கும்போது உடனே ஓடினால் அழுக்குக் கோப்பை பொங்கிவிடும். தொட்டிக்குள் தண்ணீரை அசைக்கும் அலை பம்ப் இன்வெர்ட்டரில்.

தொட்டியில் இருப்பது செயற்கைக் கல். மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று சொல்லிக் கல்லும் பவளமும் தர ஆள் வந்தார்கள், திருப்பி அனுப்பிவிட்டேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கல் பவளங்கள் 2001லிருந்து முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் கடலைப் பெயர்த்து என் ஹாலில் வைக்க மனம் வராது. க்ளவுன் மீனுக்கு அந்தத் தேவையும் இல்லை, ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி மையம் அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது.

மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியபோது சம்ப்பின் மேல் இரண்டு சின்ன ஃபேன் வைத்தேன். 27.5க்கு இறங்கியது. ஆனால் ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது எல்லா இடத்திலும்தான், மட்டம் குறைவது கடைசி அறையில் மட்டும். ஒரே நாளில் 4 செ.மீ.க்கு மேல் இறங்கிவிடும். அதற்குக் குறைந்த தண்ணீரைத் தானே நிரப்பும் ஃப்ளோட் வைத்த ஆட்டோ டாப்-அப், 15 லிட்டர் கேனில் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர். ஃப்ளோட் சிக்கிக்கொண்டு கேன் முழுவதும் இறங்கினாலும் சம்ப் வழியக்கூடாது, உப்பும் ஒரேயடியாக இறங்கிவிடக்கூடாது, அதனால்தான் சின்ன கேன். ஐப்பசி அடைமழையில் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் ஃபேனால் பெரிய பயன் இருப்பதில்லை.

மாதம் ஒருமுறை ஸ்விட்சை அணைத்துச் சோதிக்கிறேன். கீழ் வீட்டு அக்காவின் பையன் ஆறாவது படிக்கிறான், அந்த நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிடுவான். அவன் வேலை ஸ்டாண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு மட்டத்தைப் படிப்பது. எப்போதும் "இருபத்தேழு அங்கிள்" என்பான். போன மாதம், "அங்கிள், நீலக் கோட்டைத் தாண்டிடுச்சு, முப்பதுல நிக்குது" என்றான். மேலே போய் ரிட்டர்ன் பைப்பைப் பார்த்தேன். அந்த 4 மி.மீ. துளையில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழல் கட்டிக்கொண்டு ஒரு சிறு புழு குடியேறியிருந்தது. காற்று துளையில் நுழைய முடியாமல், மட்டம் பைப் வாய் வரை 3 செ.மீ.யும் இறங்கியிருக்கிறது. சம்ப்பில் இன்னும் 8 செ.மீ. காலி இருந்தது. ஊசியால் குத்தித் துளையைத் திறந்தேன். பையன் மறுபடி ஸ்விட்சைப் போட்டு அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். இருபத்தேழு.