வீட்டு வை-ஃபையில் 23 பெயர்கள்: ஒரு கணக்கெடுப்பு அனுபவம்

கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை, எங்கள் இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் இணைப்பில் உள்ள ஏதோ ஒரு சாதனம் தீநிரலால் (மால்வேர்) பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தரும் இலவசக் கருவியைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. இதே தோரணையில் மோசடிச் செய்திகளும் வருவதால், அதிலிருந்த இணைப்பை நான் தொடவில்லை. மாதாந்திர ரசீதில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு நானே அழைத்து, செய்தி அவர்கள் அனுப்பியதுதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே வேலையில் இறங்கினேன்.

இரண்டு மாலைகள் தவறான இடத்தில் தேடினேன். சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017-இல், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் கீழ் தொடங்கப்பட்டது; அதன் கருவிகள் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் உரியவை. என் மடிக்கணினி, மகளின் மடிக்கணினி, வீட்டில் இருந்த ஐந்து கைப்பேசிகள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அதே குறுஞ்செய்தி மீண்டும் வந்தபோதுதான், நான் சோதித்தவை மட்டுமே எங்கள் வலையமைப்பில் இருப்பவை என்று எப்படி நம்பினேன் என்ற கேள்வி எழுந்தது.

கணக்கு எழுதுவது என் தொழில். எந்தக் கடையின் கணக்கைத் தொடங்கினாலும் முதலில் ஸ்டாக் எடுப்போம். ஏட்டில் உள்ளதும் அலமாரியில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டோம். அந்தப் பழக்கத்தை என் வீட்டு வலையமைப்புக்கு நான் ஒருநாளும் பொருத்திப் பார்த்ததில்லை. அன்றிரவு ஒரு நீண்ட நோட்டை எடுத்து, நினைவிலிருந்து எழுதினேன்: ஐந்து கைப்பேசிகள், இரண்டு மடிக்கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு டிவி. மொத்தம் ஒன்பது. பிறகு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, அது முகவரி வழங்கியிருந்த சாதனங்களின் பட்டியலைப் பார்த்தேன். அதில் 23 வரிகள் இருந்தன.

ஒவ்வொரு வரியிலும், ரவுட்டர் வழங்கிய ஐபி முகவரியும், சாதனத்தின் சொந்த அடையாளமான மேக் முகவரியும் இருக்கும். மேக் முகவரி என்பது பன்னிரண்டு எழுத்து-எண்களால் ஆனது. முதல் ஆறும் எந்த உற்பத்தியாளருடையது என்பதை மின்னணுத் தரங்களை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பின் பதிவேட்டில் தேடி அறியலாம். ஆனால் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அது பெரும்பாலும் கைப்பேசி தானாகவே உருவாக்கிக்கொண்ட தற்காலிக முகவரி. நம்மை யாரும் இடத்துக்கு இடம் பின்தொடரக் கூடாது என்பதற்காக ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டும் சில ஆண்டுகளாக இப்படிச் செய்கின்றன. இதை அறிந்த பின் ஆறு வரிகள் கழிந்தன. அவை எங்கள் கைப்பேசிகளின் பழைய முகவரிகளும் வந்துபோன விருந்தினர்களின் கைப்பேசிகளும்தான். மூன்று வரிகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுடையவை. ஊரடங்குக் காலத்தில் அவர்களின் ஆன்லைன் வகுப்புக்காக அம்மா கொடுத்த கடவுச்சொல்லை நாங்கள் அதன் பிறகு மாற்றவே இல்லை. கொடுத்ததில் தவறில்லை, கொடுத்ததை மறந்துபோனதுதான் தவறு.

மிச்சமிருந்த 14 வரிகளில் ஒன்பது நான் எழுதியவை. மாடியில் இருக்கும் சிக்னல் ரிப்பீட்டர், செட்டாப் பாக்ஸ், அப்பா பஞ்சாங்கம் பார்க்கும் பழைய டேப் ஆகிய மூன்றும் எளிதில் பிடிபட்டன. இரண்டு மட்டும் எதற்கும் பொருந்தவில்லை. ஒன்றின் உற்பத்தியாளர் பெயர் எஸ்பிரெசிஃப் என்று வந்தது. அப்படி ஒரு பெயர் பொறித்த பொருள் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. தேடியபோது, அது ஷாங்காயைச் சேர்ந்த சிப் நிறுவனம் என்றும், விலை குறைந்த வை-ஃபை பல்பு, சுவிட்ச், பிளக் போன்றவற்றில் அதன் சிப்தான் பரவலாக உள்ளே இருக்கும் என்றும் தெரிந்தது. பெட்டியின் மேல் எந்த பிராண்டு இருந்தாலும் வலையமைப்பு உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைத்தான் சொல்லும்.

பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாததால் வேறு வழியில் போனேன். மடிக்கணினியில் அந்த முகவரிக்கு இடைவிடாமல் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, மகளைத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மெயின் போர்டில் ஒவ்வொரு மின் லைனுக்கும் தனியாக இருந்த எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். ரவுட்டர் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடியது. நான்காவது எம்சிபியை இறக்கியதும், "நின்னுடுச்சுப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அது மோட்டார் லைன். மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தவும் கைப்பேசியிலிருந்து போடவும் எலக்ட்ரீஷியன் பொருத்திய சின்னப் பெட்டிதான் அந்த எஸ்பிரெசிஃப். நாள்தோறும் இருமுறை பயன்படுத்தும் பொருள் அது. இருந்தும் அதை இணையத்தோடு சேர்ந்த ஒரு கணினியாக நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

இரண்டாவது, பரண்மேல் இருந்த சிசிடிவியின் டிவிஆர், அதாவது கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி. அதைக் கண்டுபிடிக்க எம்சிபி தேவைப்படவில்லை. ரவுட்டரின் பின்புறத்தில் மூன்றாம் லேன் துளையின் பச்சை விளக்கு இரவு பதினொரு மணிக்கும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன், பரணில் முடிந்தது. கேமராக் காட்சிகள் கேமராவிலிருந்து டிவிஆருக்குத் தனிக் கம்பியில் வருகின்றன; யாராவது வெளியிலிருந்து பார்த்தால் மட்டுமே இந்தக் கேபிளில் அவ்வளவு போக்குவரத்து இருக்க வேண்டும். அந்நேரத்தில் எங்களில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கேபிளைப் பிடுங்கினேன்; ரவுட்டர் காட்டிய பதிவேற்ற வேகம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியது. எங்கள் வாசலையும் கூடத்தையும் நோக்கி நிற்கும் கேமராக்களின் பெட்டி அது என்ற நினைப்பில் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் டிவிஆரை இணையம் இல்லாத ஒரு பழைய ரவுட்டரில் தனியாகச் செருகி, என்மேப் என்னும் இலவசக் கருவியால் அதன் எந்தெந்தக் கதவுகள் (தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வழிகள்) திறந்திருக்கின்றன என்று பார்த்தேன். நம் சொந்தச் சாதனங்களை மட்டுமே இப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். 80-ஆம் எண் கதவு அதன் இணையப் பக்கத்துக்கு, 554 காட்சிகளை அனுப்புவதற்கு. இவை எதிர்பார்த்தவை. 23-ஆம் எண்ணும் திறந்திருந்தது. அது டெல்நெட்: கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் அனுப்பும் பழைய காலத்து வாசல். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த தொழிற்சாலைக் கடவுச்சொல்லே அதன் பக்கத்தைத் திறந்தது. பொருத்திய நாளிலிருந்து அதை யாரும் மாற்றவில்லை.

உள்ளே இருந்த டிவிஆர் வெளியிலிருந்து எப்படித் தெரிந்தது என்பதற்கான விடை ரவுட்டரில் இருந்தது. கைப்பேசியில் கேமரா தெரியவில்லை என்று அப்பா சொன்னபோது, பொருத்த வந்தவர் டிவிஆரின் முகவரியை டிஎம்இசட் என்னும் இடத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அப்படிப் போட்டால், வெளியிலிருந்து தட்டும் எல்லாக் கோரிக்கைகளையும் ரவுட்டர் வடிகட்டாமல் அந்தச் சாதனத்துக்கே அனுப்பிவிடும். பல வீட்டு இணைப்புகளில் சேவை நிறுவனமே பல வாடிக்கையாளர்களுக்கு ஒரு பொது முகவரியைப் பகிர்ந்து கொடுப்பதால் வெளியிலிருந்து நேரே உள்ளே வர முடியாது. நானோ, அலுவலகக் கணக்கு மென்பொருளுக்காக நிலையான ஐபி வாங்கி வைத்திருந்தேன். டிஎம்இசட், நிலையான ஐபி, மாற்றாத கடவுச்சொல் ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்தன.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2016-இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் இதே டெல்நெட் வாசலில் தட்டி, 60-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தது. அப்படிப் பிடித்த சாதனங்களைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றிக்கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பலருக்குப் பல மணி நேரம் திறக்கவில்லை. எங்கள் டிவிஆரும் அப்படி யாரோ ஒருவரைத் தாக்க உதவியிருக்கலாம் என்ற எண்ணம், எங்கள் காட்சிகளை யாராவது பார்த்திருப்பார்களோ என்ற அச்சத்துக்கு நிகராக என்னை வருத்தியது.

இவ்வகைத் தீநிரல்கள் பெரும்பாலும் நினைவகத்தில் மட்டுமே தங்குகின்றன. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் அழிந்துவிடும். வாசல் திறந்தே இருந்தால் சில நிமிடங்களிலேயே மீண்டும் வந்துவிடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் இணையத்திலிருந்து பிரித்தல், பிறகு அணைத்துப் போடுதல், கடவுச்சொல்லை மாற்றுதல், ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பித்தல், அதன் பிறகே இணைத்தல். எங்கள் டிவிஆரில் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் டெல்நெட் திறந்தே இருந்தது. அதை மூட எந்த அமைப்பும் இல்லை, புதிய ஃபர்ம்வேரும் வெளிவந்திருக்கவில்லை. அதை இணையத்தோடு இணைப்பதில்லை என்று முடிவு செய்தேன். பதிவு செய்ய அதற்கு இணையம் தேவையில்லை. ஆனால் அதன் கடிகாரம் தானாகச் சரிசெய்துகொள்வது நின்றது; ஒரு மாதத்தில் இரண்டு நிமிடம் பின்தங்கியது. திருட்டு நடந்தால் நேரமே சாட்சி என்பதால் மாதம் ஒருமுறை கையால் திருத்தினேன்.

அப்பாவுக்கு இதை ஏற்றுக்கொள்வது கடினமாக இருந்தது. அக்கா வீட்டுக்குப் போனால் அங்கிருந்தே வாசலைப் பார்ப்பது அவருடைய நிம்மதி. "பூட்டு இல்லாத கதவுக்குக் கேமரா வெச்ச மாதிரி இருந்திருக்கு" என்று அம்மா சொன்னதும் சமாதானமானார். நான்கு மாதம் கழித்து, முதல்முறை போடும்போதே புதுக் கடவுச்சொல் கேட்கும், ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வரும் ஒரு டிவிஆரை வாங்கினோம்.

ரவுட்டர் வேலை ஒரு ஞாயிறு காலையில் முடிந்தது. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன், டிஎம்இசட்டை நீக்கினேன், சாதனங்கள் தாமாகவே வெளிவாசல் திறந்துகொள்ள இடம்தரும் யூபிஎன்பியை அணைத்தேன். வை-ஃபை கடவுச்சொல் இல்லாமலே சாதனங்களைச் சேர்க்க இடம்தரும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்தேன், அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-இலேயே வெளியான செய்தி. விருந்தினர் வை-ஃபை ஒன்றை உருவாக்கி, மோட்டார் பெட்டி, டிவி, செட்டாப் பாக்ஸ், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆகியோரை அதில் சேர்த்தேன். அதில் இருப்பவை இணையத்துக்குப் போகலாம், என் மடிக்கணினியைத் தொட முடியாது. இதில் ஓர் இழப்பும் உண்டு: மனைவியால் கைப்பேசியிலிருந்து நேரே டிவியில் படம் காட்ட முடியவில்லை. வேண்டும்போது கைப்பேசியை விருந்தினர் வை-ஃபைக்கு மாற்றிக்கொள்கிறார்.

அந்தக் குறுஞ்செய்தி அதன் பிறகு வரவில்லை. நோட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து மெயின் போர்டு மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்: வரிசை எண், பொருள், இருக்கும் இடம், மேக் முகவரி, எந்த வை-ஃபை, கடைசியாகப் புதுப்பித்த நாள். போன மாதம் வாசலில் ஒரு வை-ஃபை அழைப்பு மணி பொருத்த எலக்ட்ரீஷியன் வந்தபோது நான் ஊரில் இல்லை. அப்பா அழைத்தார். "தம்பி பாஸ்வேர்டு கேக்குறார்ப்பா. விருந்தாளி வை-ஃபைதானே? பதினஞ்சாவதா எழுதிட்டேன், பெட்டியில இருக்கிற நம்பரையும் பார்த்துச் சொல்றேன்" என்றார்.