துருத்திக் கேமராவும் எல்பே மணற்கல்லும்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், எல்பே நதிக்கரையில் சனிக்கிழமைதோறும் கூடும் பழம்பொருள் சந்தையில், பீங்கான் கோப்பைகளுக்கும் துருப்பிடித்த சாவிகளுக்கும் நடுவே, ஜெய்ஸ் ஐகான் இகோன்டா மடிப்புக் கேமரா ஒன்று கிடந்தது. மூடியிருக்கும்போது தடித்த நாட்குறிப்பைப் போலத் தோன்றும் அதன் பொத்தானை அழுத்தினால், முன்பலகை கீழிறங்கி, லென்ஸைத் தாங்கிய துருத்தி, அதாவது மடிந்து விரியும் ஒளிபுகாத உறை, வெளியே வந்து நிற்கும். 1930களில் செய்யப்பட்ட, 6x9 சென்டிமீட்டர் அளவில் படம் எடுக்கும் கருவி அது. 1926இல் நான்கு கேமரா நிறுவனங்கள் இணைந்து ஜெய்ஸ் ஐகான் உருவானபோது டிரெஸ்டன்தான் அதன் தலைமையிடம். அந்த நான்கில் ஒன்றான எர்னெமனின் கோபுரத் தொழிற்சாலை இன்று தொழில்நுட்ப அருங்காட்சியகமாக இருக்கிறது. முந்தைய நாள்தான் அதைச் சுற்றிப் பார்த்திருந்தேன் என்பதால், பேரம் பேசும் மனவலிமை என்னிடம் மிச்சமிருக்கவில்லை.

அன்றிரவு விடுதியின் குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு, கேமராவின் பின்கதவைத் திறந்து, கைபேசி வெளிச்சத்தைத் துருத்திக்குள் செலுத்திப் பார்த்தேன். கீழ்மூலை மடிப்பொன்றில் ஊசிமுனை அளவுக்கு ஒளி கசிந்தது. கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தை இரண்டு முறை பூசி, அது காயும்வரை துருத்தியை விரித்தே வைத்திருந்தேன். ஈரத்தோடு மடித்தால் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது கிழிந்துவிடும். ஷட்டரின் ஒரு நொடி, அரை நொடி வேகங்கள் எண்ணெய் காய்ந்து பாதியிலேயே நின்றன. 1/100 என்று குறித்திருந்த வேகமும் காதுக்குச் சற்றுச் சோம்பலாகவே கேட்டது; ஷட்டர் தாமதித்தால் சுருளில் விழும் வெளிச்சம் கூடிவிடும். ஸ்லைடு ஃபிலிம் போட்டிருந்தால் கவலைப்பட்டிருப்பேன்; வண்ண நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த சுருள்கள் கோடாக் எக்டார் 100 என்னும் வண்ண நெகட்டிவ். பழைய லென்ஸுக்கு மென்மையான நிறம் தரும் போர்ட்ரா போன்ற சுருள்தான் பொருத்தம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கேமராவில் உள்ள டெஸ்ஸார் லென்ஸில் நான்கு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக அமைந்திருக்கின்றன. ஆகவே காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. ஜெய்ஸில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இந்த லென்ஸுக்கு வாய்க்கவில்லை. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்ப, அதில் ஒரு பங்கு உள்ளேயே அலைந்து நிழல்களின் மேல் மெல்லிய வெண்மையாகப் படிகிறது. அதில் மென்மையான சுருளையும் சேர்த்தால் படம் நீர்மோர் ஆகிவிடுகிறது. நிறத்தை அழுத்திக் காட்டும் எக்டாரோ, லென்ஸ் நீர்க்கச் செய்ததைத் திரும்பக் கெட்டியாக்குகிறது. நிழல்களில் படிந்த வெண்மையால், எக்டார் வழக்கமாக இருட்டில் விழுங்கிவிடும் விவரங்களும் பிழைத்துக்கொள்கின்றன.

ஞாயிறு காலை புறநகர் ரயிலில் ராட்டன் என்னும் சிற்றூருக்குப் போனேன். நிலையத்திலிருந்து ஊருக்கு எல்பேயைக் கடக்க வேண்டும். கடத்துகிற படகுக்கு எஞ்சின் இல்லை. நீண்ட கம்பியில் கட்டப்பட்ட அது, ஓடும் நீரின் தள்ளுதலிலேயே சத்தமின்றி மறுகரை சேர்கிறது. முதல் படம் அங்கே. பிறகு காட்டு வழியே படியேறி, ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாஸ்டை பாறைகளை அடைந்தேன். மணற்கல் தூண்களை இணைக்கும் கல்பாலம் 1851இல் கட்டப்பட்டது. 1853இல் இங்கே நிலக்காட்சிகளைப் படமெடுத்த ஹெர்மன் குரோனேவுக்குப் பாறையில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அவர் சுமந்து ஏறிய பெட்டியை நினைத்ததும், என் சட்டைப்பைக்குள் அடங்காத கேமராவைப் பற்றிய புலம்பலை நிறுத்திக்கொண்டேன்.

இந்தக் கேமராவில் செயல்களின் வரிசை பிசகக்கூடாது. முதலில் திறக்க வேண்டும், அதன் பிறகே சுருளை நகர்த்த வேண்டும். நகர்த்திவிட்டுத் திறந்தால், துருத்தி விரியும் வேகத்தில் காற்று இழுபட்டுச் சுருளை முன்னோக்கி வளைத்துவிடும். படத்தின் நடுப்பகுதி தெளிவிழக்கும். தூரத்தைக் கண்ணால் கணித்து, லென்ஸ் வளையத்தில் மீட்டர் எண்ணைத் திருப்பி வைக்க வேண்டும். லென்ஸ் துளை f/11, ஷட்டர் வேகம் 1/100, அவ்வளவுதான்.

பிசகியது நான்காவது படத்தில். பின்கதவிலுள்ள சிறிய சிவப்புச் சாளரம் வழியே சுருளின் காகிதத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும். அக்காலத்துச் சுருள்கள் பல சிவப்பொளியை உணராதவை என்பதால் சாளரம் தீங்கற்றதாக இருந்தது. இன்றைய வண்ணச் சுருளில் சிவப்பை உணரும் அடுக்கு இருப்பதால், அதே சாளரம் திறந்து வைத்த கதவுதான். அதனால் கறுப்பு டேப் ஒட்டி, என் நிழலில் மட்டும் விலக்கிப் பார்த்துவந்தேன். பாலத்தின் நடுவில், உச்சி வெயிலில், பின்னால் காத்திருந்த கூட்டத்துக்கு வழிவிடும் அவசரத்தில் டேப்பை விலக்கினேன். 4 என்ற எண் ஊர்ந்து நடுவுக்கு வந்ததும், மீண்டும் ஒட்டாமலே படமெடுத்து நடந்துவிட்டேன். ஊர் திரும்பிக் கழுவிப் பார்த்தபோது, அந்தப் படத்தின் வானத்தில் காகித எண்ணின் சாயலோடு ஒரு செம்புகை படர்ந்திருந்தது.

மாலையில் நகருக்குத் திரும்பி, சுருளின் கடைசியான எட்டாவது படத்தை ஃபிராவென்கிர்ஷே தேவாலயத்துக்கு வைத்திருந்தேன். 1945 பிப்ரவரி குண்டுவீச்சுக்குப் பின் இடிந்து விழுந்து, 2005இல் மீண்டும் எழுந்த கட்டடம் அது. காலையில் நான் ஏறிய மலைகளைப் போலவே அதுவும் எல்பே மணற்கல்தான். இடிபாட்டிலிருந்து மீட்ட பழைய கற்கள் கறுத்தும், புதியவை வெளிர் மஞ்சளாகவும் ஒரே சுவரில் கலந்து நிற்கின்றன. கறுத்தவை உண்மையில் கறுப்பல்ல என்பது படத்தில்தான் தெரிந்தது: சிலவற்றில் காப்பிப்பொடியின் நிறம், சிலவற்றில் நீலம் கலந்த சாம்பல். அந்தச் சுவரின் முன் நின்று சுருளைக் கடைசிவரை சுற்றி, நிழலுக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து, சுருளின் நுனியிலுள்ள பசைத்தாளை நாக்கால் நனைத்து ஒட்டினேன்.