இரண்டாவது வரி

மே 6
அப்பா இன்றும் பேசவில்லை.

மே 7
ராத்திரி வராந்தாவில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஒரு காதில் மட்டும் இயர்போன், இன்னொரு காது வார்டுக் கதவுக்கு. அமெரிக்க ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் கேட்டேன். 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி 1929-இல் பாடிப் பதிவு செய்தது. பழைய தட்டின் கரகரப்பே மழை மாதிரி இருக்கிறது. மேட்டு நிலத்துக்குப் போயிருப்பேன், தடுத்துவிட்டார்கள் என்கிறார் ஓரிடத்தில். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

அந்த வெள்ளத்தில் மிசிசிப்பியின் கிரீன்வில் ஊரில் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் ஆற்றங்கரை மேட்டிலேயே கிடந்தார்கள். ஏற்றிப்போக நீராவிப் படகுகள் வந்தும் அவர்களை அனுப்பவில்லை. போனால் பருத்திக் காட்டு வேலைக்குத் திரும்ப மாட்டார்கள் என்று பண்ணைக்காரர்களுக்குப் பயம். துப்பாக்கிக் காவல் வேறு. ஆறு எத்தனை அடி ஏறியது என்று யாரும் எழுதிவிடலாம். யாரைப் போகவிடவில்லை என்பதைப் பேட்டன் தட்டில் ஏற்றி விற்றார்.

மே 8
ஸ்கேன் நாளைக்கு.

மே 9
மறுபடி நாளைக்கு. அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டேன். வலது கை கனக்கிறது.

மே 10
தூக்கமில்லை. ப்ளூஸில், கறுப்பின மக்களின் அந்தப் பாட்டில், ஒரு வரி பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரியில்தான் பதில் வரும். மூன்றாவதை யோசிக்க அவகாசம் வேண்டுமே, அதற்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவும் இருக்கலாம். ஆனால் பண்ணைக்காரர் நிலத்தை விளைச்சல் பங்குக்கு உழுத ஒருவர் அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கப் போனால், நோட்டு பண்ணைக்காரர் கையில். மாவும் உப்புக்கண்டமும் கடன் கொடுத்த கடையும் பெரும்பாலும் அவருடையதே. கணக்கு தப்பு என்று சொல்வது உயிரோடு விளையாடுவது. பகலெல்லாம் அப்படி வாயை மூடியிருந்தவர் சனிக்கிழமை ராத்திரி பாடும்போது, ஒருமுறை சொன்னால் எப்படிப் போதும்?

இரண்டாவது முறையும் சொற்கள் அதேதான். கீழே கிட்டாரில் கார்ட், சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், மாறியிருக்கும். இன்றைக்குத்தான் அதைக் கவனித்துக் கேட்டேன்.

மே 11
டாக்டர் எல்லாவற்றையும் என்னிடமே கேட்கிறார். அப்பா கண்ணைத் திறந்துகொண்டு எதிரேதான் படுத்திருக்கிறார்.

மே 12
பிளைண்ட் வில்லி ஜான்சனின் ஒரு பாட்டு. 1927 டிசம்பர், டல்லஸில் பதிவானது. மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம், ஒரு சொல்கூட இல்லை. முனகலும் கம்பி மேல் வழுக்கும் கிட்டாரும்தான். அவர் பாடியது தேவனின் பாட்டு, ப்ளூஸ் ஆகாது என்பார்கள். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். கிட்டார் முனகலுக்குப் பின்னாலேயே போகிறது, அது விட்ட இடத்தை எடுத்துக்கொள்கிறது.

1945-இல் டெக்சாஸ் போமான்ட்டில் வீடு எரிந்து, எரிந்த வீட்டுக்குள்ளேயே ஈரப் படுக்கையில் படுத்து, காய்ச்சலில் இறந்தார். மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று மனைவி பின்னாளில் சொன்னார். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் அந்த முனகலும் போயிருக்கிறது.

அப்பாவுக்கு இங்கே கட்டில் கிடைத்த நாளில் எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மே 13
மழை. ஸ்கேன் எடுத்தாயிற்று. பேட்டனை மறுபடி கேட்டேன், இந்தத் தடவை நிறுத்தவில்லை.

மே 14
ஒன்றுமில்லை.

மே 15
விடியற்காலை அப்பா ஏதோ சொன்னார். புரியவில்லை. திரும்பவும் அதையே சொன்னார், இன்னும் கொஞ்சம் மெதுவாக. இயர்போனைக் கழற்றிவிட்டு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டேன். தண்ணீரா என்றேன். இல்லை. ஜன்னலா? இல்லை.