இன்னொரு ரெண்டு எங்க போச்சு?

ஜூலை 8, 2024, திங்கள்

ஒன்பதாவது பி செக்‌ஷன்ல இன்னைக்கு வர்க்கமூலத்தை சுருக்குறது ஆரம்பிச்சேன். எப்பவும் சொல்ற மாதிரிதான், 12ஐ பகா காரணியா பிரிச்சா 2 × 2 × 3, ஜோடியா இருக்கறதுல ஒண்ணு வெளிய வரும், தனியா நிக்கறது ரூட்டுக்குள்ளயே இருக்கும், அதனால √12 = 2√3. பசங்க கடகடன்னு போட்டுட்டாங்க. பெல் அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கப்ப மூணாவது பெஞ்ச் பொண்ணு எந்திரிச்சு, "டீச்சர், உள்ள ரெண்டு 2 இருந்துச்சுல்ல, ஒண்ணு வெளிய வந்துருச்சு, இன்னொரு ரெண்டு எங்க போச்சு?"ன்னு கேட்டா.

√4 = 2 தானேம்மா, அதான்னு சொன்னேன். தலையாட்டிட்டு உக்காந்துட்டா, ஆனா புரியலன்னு முகத்துலயே தெரிஞ்சுது. நோட்டை வாங்கிப் பாத்தா √12 = 4√3ன்னு போட்டிருக்கா, ரெண்டு 2ஐயும் வெளிய எடுத்து பெருக்கியிருக்கா. ஜோடி வெளிய வரும்னு நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டா அதுதானே வரும், அவ மேல என்ன தப்பு.

ஜூலை 9, செவ்வாய்

நைட்டு சமைக்கும்போதும் அதே நெனப்பு. வர்க்கமூலம்னா சதுரத்தோட பக்கம், அதை நான் பேசவே இல்ல, ஜோடி ஜோடின்னு காரணியை மட்டும் பேசிட்டு இருந்திருக்கேன்.

இன்னைக்கு ஆளுக்கு ஒரு சதுரப் பேப்பர் கொடுத்தேன். இதோட பரப்பளவு 12ன்னு வச்சுக்கங்க, பக்கம் எவ்வளவு? √12. இப்ப பாதியா மடி, திருப்பிப் போட்டு குறுக்கால இன்னொரு தடவை பாதியா மடி, பிரி. நாலு குட்டி சதுரம். ஒவ்வொண்ணோட பரப்பும் 3, அதோட பக்கம் √3. பெரிய சதுரத்தோட மேல் ஓரத்துல எத்தனை √3 இருக்குன்னு கேட்டேன், ரெண்டுன்னு எல்லாரும் கத்துனாங்க. அவ மட்டும் பேப்பரை கையில வச்சு திருப்பிட்டே இருந்தா, அப்புறம் மடிப்புக் கோட்டுல விரலை வச்சு இழுத்துட்டு சொன்னா, "இன்னொரு ரெண்டு இந்தா நிக்கிற பக்கத்துல இருக்கு டீச்சர், நாம ஒரு பக்கத்தை மட்டும்தான கேக்குறோம்." எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. இதை நான் அவளுக்கு சொல்லித்தரல.

அப்புறம் 27க்கு மூணு மூணா மடிச்சோம், ஒம்பது கட்டம், 3√3. 75க்கு பேப்பரே வேணாம்னுட்டாங்க, 25 கட்டம், 5√3. பத்தாவதுல முக்கோணவியல்ல √3 = 1.732ன்னு கணக்குலயே குடுத்துருவாங்க, √75ன்னு வந்து நின்னா 5ஐ 1.732ஓட பெருக்கி 8.66ன்னு முடிச்சுடலாம். சுருக்கத் தெரியாத பிள்ளை அங்கதான் தவிக்கும்.

ஜூலை 11, வியாழன்

சின்ன டெஸ்ட். √72க்கு 2√18ன்னு நெறய பேர், 3√8ன்னு கொஞ்சம் பேர். இதுக்கெல்லாம் முழுசா தப்புன்னு பெருக்கல் குறி போட எனக்கு மனசு வராது. மதிப்பு மாறல, வேலை முடியல, அவ்வளவுதான். 18க்குள்ள இன்னும் ஒரு 9 இருக்கு, 8க்குள்ள ஒரு 4 இருக்கு, அதையும் எடுத்தா ரெண்டு வழியும் 6√2ல வந்து சேருது.

கவலைப்படுத்துனது அடுத்த கணக்கு. √18 + √8 = √26ன்னு 38 பேர்ல 14 பேர்.

ஜூலை 12, வெள்ளி

கணக்கு பீரியடுக்கு வராண்டாவுக்கு கூட்டிட்டுப் போனேன். கோலத்துக்கு வைக்கிற மாதிரி சாக்பீஸ்ல ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு நேர்புள்ளி. பக்கத்துப் புள்ளிக்கு தூரம் 1, அப்ப மூலைப் புள்ளிக்கு? பித்தாகரஸ் தெரியும், √2ன்னாங்க. மூணு தள்ளி மூணு மேல போனா √18, அந்தக் கோடு நடுவுல ரெண்டு புள்ளி மேல ஏறிப் போகுது, அதனால மூணு √2. அதே கோட்டுல அங்கேர்ந்து இன்னும் ரெண்டு தள்ளி ரெண்டு மேல போனா √8, அது ரெண்டு √2. மொத்தம் அஞ்சு துண்டு, 5√2, மூலையிலேர்ந்து மூலை. √26 அஞ்சைத் தாண்டி கொஞ்சம்தான், இது ஏழுக்கும் மேல. √26ன்னு எழுதின ஒரு பையன் கோட்டு மேலயே நடந்து நடந்து எண்ணினான்.

செஸ்ல குதிரை போற மாதிரி ஒண்ணு தள்ளி ரெண்டு மேல போனா √5, அதையே ரெண்டு தடவை போனா √20 = 2√5. இதைக் காட்டுற வேகத்துல, நடுவுல புள்ளியே வரலன்னா அந்த ரூட்டை சுருக்க முடியாதுன்னும் சொல்லி வச்சேன்.

ஜூலை 15, திங்கள்

காலைல காமராஜர் பிறந்தநாள் விழா, பேச்சுப்போட்டி, கிளாஸ் இல்ல. மதியம் ஸ்டாஃப் ரூம் வாசல்ல அந்த நடந்து எண்ணின பையன் நின்னான். "டீச்சர், நீங்க சொன்னது ஒரு எடத்துல வரல." கிராஃப் நோட்டுல ஏழு தள்ளி ஒண்ணு மேல கோடு போட்டிருக்கான். 49 + 1 = 50. நடுவுல ஒரு புள்ளி கூட இல்ல, ஆனா √50 = 5√2.

அவன் சொன்னதுதான் சரி. நடுவுல புள்ளி இருந்தா கண்டிப்பா சுருக்கலாம், இல்லன்னா சுருக்க முடியாதுன்னு சொல்லவே கூடாது. நான் அதைத் திருப்பிப் போட்டும் உண்மைன்னு சொல்லிட்டேன். மூணு தள்ளி நாலு மேல போனாலும் நடுவுல புள்ளி கிடையாது, ஆனா அது முழுசா 5. இத்தனைக்கும் அது எனக்குத் தெரிஞ்ச முக்கோணம்தான். கடைசி பீரியட்ல எல்லார் முன்னாடியும் வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டு சாக்பீஸை அவன் கையில குடுத்தேன்.

வராண்டாவுல வரிசையை எட்டுப் புள்ளிக்கு நீட்டி அவனே கோட்டைப் போட்டான். மூணாவது பெஞ்ச் பொண்ணு பூ கட்டுற நூலை அஞ்சு √2 கோட்டு மேல வச்சு அளந்து அறுத்தா, அந்தத் துண்டை ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையா புடிச்சு புதுக் கோட்டு மேல வச்சாங்க. புள்ளிக்குப் புள்ளி சரியா நின்னுது.